7. பழைய மடிக்கணினியும் சனிக்கிழமைக் காலையும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளிகளில் கணினியே இருக்காது என்ற எண்ணத்தோடு யாரும் கிளம்ப வேண்டாம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியதே திருவள்ளூர் மாவட்டத்தில்தான். அதற்குப் பிறகு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம் வந்தது. ஆசிரியர்கள் வாயில் அது ‘ஹைடெக் லேப்’. நடுநிலைப் பள்ளிகளுக்கும் ஆய்வகம், தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை என்று அது விரிந்தது. பாடப்புத்தகத்தில் கியூஆர் குறியீடு இருக்கிறது. 2019 முதல் கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது. பள்ளி தவிப்பது வேறு இடத்தில். விசைப்பலகையில் நாலு எழுத்து வேலை செய்யவில்லை, புரொஜெக்டர் ஒயர் உடைந்துவிட்டது, கடவுச்சொல் தெரிந்த ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார் என்றால் யாரைக் கூப்பிடுவது? அந்த ஒரு ஆள் இல்லாமல்தான் நல்ல கருவிகள் உறையோடு கிடக்கின்றன.

தொண்டு நிறுவனங்களின் கதை இன்னும் கடினம். குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், மாலை நேர டியூஷன் நடத்தும் சிறு அறக்கட்டளை ஆகியவற்றுக்கு அரசின் ஆய்வகம் எதுவும் வராது. யாரோ கொடுத்த கணினியில், தெரிந்த பையன் ஒருவன் வந்து போட்டுக்கொடுத்த மென்பொருளில், அலுவலகமே ஓடிக்கொண்டிருக்கும்.

ஆகவே இந்த நூலின் மற்ற அத்தியாயங்களில் பணம், பொருள் பற்றிச் சொன்னதை இங்கே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். தொழில்நுட்ப உதவியில் முதல் தேவை திரும்பத் திரும்ப வரும் ஒருவர். மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒரு கல்வியாண்டு முழுவதும் வரமுடியும் என்றால் நீங்கள் எந்த நன்கொடையாளரையும்விடப் பெரியவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஐடி அலுவலகங்களில் வேலை செய்கிறவர்கள்தான் இதற்குத் தகுதியானவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலையிலும் மற்ற மத்திய அரசு நிறுவனங்களிலும் தொழில்நுட்பப் பணி பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். கருவியைத் திறந்து பார்க்கப் பயப்படாதவர்கள்; வாரநாளில் பள்ளி நேரத்திலேயே வரக்கூடியவர்கள். என் அனுபவத்தில் இந்த வேலைக்கு அவர்களை மிஞ்ச ஆளில்லை.

முதல் தடவை போகும்போது

கையில் எதையும் கொண்டுபோகாதீர்கள். மடிக்கணினியோடு போனால் பேச்சு அந்த மடிக்கணினியைப் பற்றியே போகும். தலைமை ஆசிரியரும் மறுக்கத் தயங்கி வாங்கிக்கொள்வார்.

நேரம் பார்த்துப் போங்கள். ஜூன் மாதம் சேர்க்கையும் மாற்றுச் சான்றிதழுமாக அலுவலகம் நிமிரவே முடியாது. மார்ச், ஏப்ரல் பொதுத்தேர்வுக் காலம். ஜூலை, ஆகஸ்ட் நல்ல மாதங்கள். பொங்கல் முடிந்த பிறகு ஜனவரியும் பரவாயில்லை. தலைமை ஆசிரியரை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, மதிய இடைவேளைக்குப் பிறகு போவது நல்லது.

‘உங்களுக்கு என்ன தேவை?’ என்று கேட்டால் ‘பத்து கம்ப்யூட்டர் கிடைக்குமா சார்?’ என்றுதான் பதில் வரும். அது உண்மையான தேவையாகவும் இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு: ‘போன மாதம் எந்தெந்த வேலைக்காக வெளியே பிரவுசிங் சென்டருக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ போனீர்கள், டீச்சர்?’ இந்தக் கேள்விக்கு வரும் பதில்கள் அப்படியே உங்கள் வேலைப் பட்டியல். ஊக்கத்தொகை விண்ணப்பத்தை ஸ்கேன் செய்ய, கேள்வித்தாள் தட்டச்சு செய்ய, கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் படம் ஏற்றும்போது அளவு பெரிது என்று தள்ளியதைச் சிறிதாக்க என்று ஒவ்வொன்றாக வரும். இதில் பாதி, ஒரு நல்ல ஸ்கேனரும் அரை மணி நேரப் பயிற்சியும் இருந்தால் தீர்ந்துவிடும்.

அனுமதி விஷயத்தில் அவசரம் கூடாது. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியின் 7-ஆவது மண்டலம். ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி. பூந்தமல்லியின் நிர்வாகம் வேறு. இரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பள்ளிகளுக்கு மேலதிகாரிகள் வெவ்வேறாக இருக்கலாம். எழுத்துமூலம் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலரிடமா, முதன்மைக் கல்வி அலுவலரிடமா என்பதைத் தலைமை ஆசிரியரே சொல்வார். கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவின் கூட்டத்துக்கு ஒருமுறை போய் உட்காருங்கள். பெற்றோர்கள் பாதிக்கு மேல் உள்ள குழு அது. அங்கே நீங்கள் அறிமுகமாகிவிட்டால், தலைமை ஆசிரியர் மாறினாலும் உங்கள் வேலை நிற்காது. நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதி பெரிய தொகையாக வருகிறது என்றால் அதற்குத் தமிழக அரசின் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற வழி இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய இந்த அமைப்புக்கு வேணு சீனிவாசன் தலைவர். பெரிய பணத்தை அதன் வழியாக அனுப்பிவிட்டு, உங்கள் நேரத்தை நேரடியாகக் கொடுங்கள்.

இன்னொன்று: அரசு தந்த ஹைடெக் லேப் கணினிகளில் கை வைக்காதீர்கள். அவற்றுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கும். நல்ல எண்ணத்தோடு நீங்கள் இயங்குதளத்தை மாற்றிப் போட்டால், நாளைக்கு இணையவழித் தேர்வு நடத்த முடியாமல் ஆசிரியர்தான் விளக்கம் எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கும்.

பழைய மடிக்கணினி

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தேவையான டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் இல்லாத லட்சக்கணக்கான மடிக்கணினிகளை நிறுவனங்கள் கழித்துக்கட்டுகின்றன. அம்பத்தூரிலும் அதே நிலைதான். இது நமக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் கொடுக்கிற எல்லாவற்றையும் வாங்கிவிடக் கூடாது.

அரசுப் பள்ளிக்குக் கொடுத்த பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறும். ஏறிய பொருளைக் கழிப்பதற்கு நடைமுறை உண்டு, அது நீளமானது. நீங்கள் கொடுத்த ஐந்து கணினியில் மூன்று ஆறு மாதத்தில் செத்துப்போனால், அந்த மூன்றும் அறிவியல் ஆய்வகத்தின் ஒரு மூலையை வருடக்கணக்கில் அடைத்துக்கொண்டு நிற்கும். வகுப்பறைக்கே இடம் போதாத பள்ளிகளில் இது சின்ன விஷயம் இல்லை. ஐந்து ஆண்டு ஓடும் என்று நீங்கள் கையெழுத்துப் போட முடிந்த கணினியை மட்டும் கொடுங்கள்.

கைக்கு வந்த மடிக்கணினியை மேசைமேல் வைத்து மூடியபடியே முதலில் பக்கவாட்டில் பாருங்கள். அடிப்பக்கம் சமமாக உட்காராமல் ஆடினால், டச்பேட் நடுவில் மேடு தட்டியிருந்தால், பேட்டரி உப்பிவிட்டது. அதைச் சார்ஜில் போடவே கூடாது. பேட்டரியை ஊசியால் குத்துவதும் நெம்புகோல் வைத்துப் பெயர்ப்பதும் தீ விபத்தில் முடியும். தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றி, அங்கீகாரம் பெற்ற பேட்டரிக் கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் அதைத்தான் சொல்கின்றன. பேட்டரி சரி என்றால் சார்ஜர் கூடவே வந்ததா என்று பாருங்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பின். சார்ஜர் இல்லாத மடிக்கணினிக்கு ஆளுக்கொரு வாக்குறுதி கிடைக்கும், சார்ஜர் கிடைக்காது.

அடுத்ததுதான் பலர் கவனிக்காதது. நிறுவனங்கள் தங்கள் கணினிகளைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தப் பூட்டு போட்டிருக்கும். ஹார்டு டிஸ்கை அழித்துப் புது விண்டோஸ் போட்ட பிறகும், இணையத்தில் இணைத்த நிமிடம் அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு நிற்கும் கணினிகள் உண்டு. பயாஸ் கடவுச்சொல் இன்னொரு தொல்லை. கொடுக்கும் நிறுவனத்தின் ஐடி பிரிவிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: தரவு முழுதாக அழிக்கப்பட்டது, மேலாண்மைப் பட்டியலிலிருந்து இந்தக் கருவி விடுவிக்கப்பட்டது, பயாஸ் கடவுச்சொல் நீக்கப்பட்டது. சீரியல் எண்ணும் அந்தத் தாளில் இருக்கட்டும். நாளை யாராவது ‘இது திருட்டுப் பொருளா?’ என்று கேட்டால் பள்ளிக்கு அந்தத் தாள்தான் துணை.

இந்தப் பகுதியில் இன்னொரு சுரங்கம் இருக்கிறது: வீட்டு அலமாரிகளில் தூங்கும் அரசு மடிக்கணினிகள். படித்து முடித்து வேலைக்குப் போன அண்ணனோ அக்காவோ விட்டுப்போனவை. முதல் சுற்றில் வந்தவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. மெதுவாக ஓடுகிறது என்பதுதான் இவற்றின் மேல் உள்ள ஒரே குற்றச்சாட்டு. சுழலும் ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் ஒரு படி ஏற்றினால், இலகுவான லினக்ஸில் இவை இன்றும் எழுதவும் படிக்கவும் கணக்குத்தாள் போடவும் நன்றாகவே உதவும். ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், இந்த உதிரிபாகங்கள் கிடைக்கும் ரிச்சி தெரு கிட்டத்தில்தான். போகுமுன் ரேமின் வகையைக் குறித்துக்கொள்ளுங்கள். டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 உட்காராது. அலமாரியிலிருந்து வரும் கணினியில் அந்தக் குடும்பத்தின் படங்களும் சான்றிதழ்களும் இருக்கும். முதலில் அவற்றை ஒரு பென்டிரைவில் எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, பிறகு அழியுங்கள். அந்த மரியாதையை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

லினக்ஸ் போட்டுப் பழக்கமில்லை என்றால் தயங்க வேண்டாம். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. விழுப்புரத்துக் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசப் பயிற்சி கொடுத்தே பெயர் வாங்கியது. 2012-இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழும் அதன் அறக்கட்டளையும் இவற்றைத் தமிழிலேயே கற்றுத்தருகின்றன. இணைய வசதி குறைவான பள்ளி என்றால் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் இறக்கிக் கணினியிலேயே வைத்துவிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை இணையமே இல்லாமல் சோழர் கடற்படை பற்றித் தேடிப் படிக்கும்.

எழுத்துருவில் ஒளிந்திருக்கும் பூட்டு

பூந்தமல்லியில் பார்வையற்ற மாணவர்களுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியப் பார்வைக் குறைபாடுடையோர் நிறுவனத்தின் வட்டார மையமும் அதே ஊரில்தான். வேறு புறநகர்களுக்கு இல்லாத இந்த வாய்ப்பு நமக்கு இருப்பதால், தன்னார்வலர் ஒவ்வொருவரும், திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் ஒன்றைப் பழகியிருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். சாதாரணப் பள்ளிகளிலும் பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகள் படிக்கிறார்கள்.

என்விடிஏ என்ற திரைவாசிப்பானை 2006-இல் தொடங்கியவர்கள் மைக்கேல் கரன், ஜேம்ஸ் தே என்ற இரண்டு பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள். விலை உயர்ந்த மென்பொருளை வாங்க முடியாதவர்களுக்காக இலவசமாகவே கொடுத்தார்கள், இன்றும் இலவசம். பென்டிரைவில் வைத்துக்கொண்டு எந்த விண்டோஸ் கணினியிலும் ஓட்டலாம். தமிழும் பேசும். விண்டோஸ் தரும் தமிழ்க் குரலின் பெயரே ‘வள்ளுவர்’. கணினியில் நிறுவியிருந்தால் கண்ட்ரோல், ஆல்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் என்விடிஏ எழுந்துவிடும். உங்கள் வீட்டுக் கணினியில் அதை ஓடவிட்டு, திரையை அணைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல் ஒரு கடிதம் எழுதி முடித்துப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் கற்பிக்கப் போக வேண்டும். கற்பிக்கும்போது மாணவர் கையைப் பிடித்து விசையில் வைக்காதீர்கள். எஃப், ஜே விசைகளின் மேல் உள்ள சின்னக் கோட்டைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களே இடம் கண்டுபிடிப்பார்கள்.

இங்கேதான் தலைப்பில் சொன்ன பூட்டு வரும். பள்ளிகளிலும் அறக்கட்டளைகளிலும் பழைய கோப்புகள் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் கிடக்கின்றன. திரையில் பார்க்க அழகான தமிழ். கணினிக்கு உள்ளே அது தமிழே இல்லை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்த சொல், கணினியைப் பொறுத்தவரை ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’. திரைவாசிப்பான் அதைத்தான் உளறும். தேடினால் கிடைக்காது, வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக விழும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்கவே முடியாது. பத்து ஆண்டுக் கேள்வித்தாள்களும் ஒரு இல்லத்தின் முப்பது ஆண்டு நினைவுகளும் இப்படிப் பூட்டிக் கிடப்பதைப் பார்த்தால் மனசு பொறுக்காது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோட் எனப்படும் ஒருங்குறிக்கு மாறச் சொல்லி ஆணையிட்டது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இந்தக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும். மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து மெய்ப்பு பார்க்க வேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் சில இடங்களில் இடம் மாறியிருக்கும். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். தட்டச்சு செய்பவரைத் தமிழ்99 விசைப்பலகை முறைக்கு மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். பழைய தட்டச்சுப் பொறியில் பழகிய அம்மாவின் விரல் வேகத்தைப் பறித்துவிட்டு எந்தச் சீர்திருத்தமும் நிலைக்காது. என்எச்எம் ரைட்டரில் அதே பழைய தட்டச்சு முறையில் அடித்தே ஒருங்குறியில் எழுதலாம். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்99 சொல்லிக்கொடுங்கள். ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள்.

இல்லத்தின் அலுவலகம்

சென்னையில் 2006-இல் இளைஞர்கள் தொடங்கிய ‘பூமி’ அமைப்பு, இல்லங்களில் வளரும் குழந்தைகளுக்குக் கணினி கற்பிப்பதற்கென்றே ‘கணினி’ என்ற பெயரில் திட்டம் நடத்தியது. குழந்தைகளோடு உட்கார்வது எல்லோருக்கும் பிடித்த வேலை. அலுவலக அறைக்குள் போக மட்டும் ஆள் கிடைப்பதில்லை. அங்கேதான் அவசரம் அதிகம்.

வரிவிலக்கு ரசீது தரும் அறக்கட்டளைகள், 2021-22 நிதியாண்டு தொடங்கி, நன்கொடையாளர் ஒவ்வொருவரின் விவரத்தையும் மே 31-க்குள் வருமான வரித் துறைக்கு அனுப்பியாக வேண்டும் என்று விதி வந்தது. தவறினால் தாமதக் கட்டணம். ரசீதுப் புத்தகத்தில் ‘அண்ணா நகர் மாமா, 2,000’ என்று எழுதி வைத்திருப்பவர்கள் மே மாதத்தில் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. பெயர், முகவரி, பான் எண், தொகை, தேதி, பணம் வந்த வழி என்ற பத்திகளோடு ஒரு கணக்குத்தாளை ஏப்ரல் முதல் தேதியே தொடங்கிக்கொடுத்து, வாரம் ஒருமுறை நிரப்பும் பழக்கத்தை உண்டாக்குங்கள். நீங்கள் செய்யும் எந்த இணையதளத்தையும்விட இது அவர்களுக்கு உதவும்.

மின்னஞ்சல், இணையதளப் பெயர், யூடியூப் கணக்கு எதுவும் உங்கள் பெயரிலோ உங்கள் கைப்பேசி எண்ணிலோ இருக்கக் கூடாது. தன்னார்வலர் பெங்களூருக்கு மாறிவிடுவார். ஓடிபி அவர் கைப்பேசிக்கே போய்க்கொண்டிருக்கும். அறக்கட்டளையின் பெயரில் ஒரு சிம் வாங்கி, அறங்காவலர் இருவருக்குக் கடவுச்சொல் தெரியும்படி செய்து, அதை எழுதி உறையிட்டு அவர்கள் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். பதிவு பெற்ற அமைப்புகளுக்குக் கூகுளும் மைக்ரோசாப்டும் தங்கள் அலுவலகச் சேவைகளில் சிலவற்றை இலவசமாகவும் மற்றவற்றைச் சலுகை விலையிலும் தருகின்றன. விண்ணப்பத்துக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். திருட்டு மென்பொருளை ஒருபோதும் போட்டுக்கொடுக்காதீர்கள்.

குழந்தைகள் இருக்கும் இடம்

இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. நீங்கள் கற்பிக்கும் அறையில் அந்த நிறுவனத்தின் பெரியவர் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு உங்கள் கைப்பேசி எண்ணைத் தராதீர்கள். அவர்கள் எண்ணையும் வாங்காதீர்கள். இல்லத்துக் குழந்தைகளின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி குற்றம். உங்கள் நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவு படம் கேட்டால் கணினியைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

மழைக்கு முன்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் ஆவடியின் பல தெருக்களும் தண்ணீரில் நின்றன. ஏரிகளுக்கு நடுவே இருக்கும் ஊர் இது. புரட்டாசி முடிவதற்குள் தரையில் உள்ள சிபியு, யுபிஎஸ், பிளக் பலகை எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள். முக்கியக் கோப்புகளின் நகல் ஒன்று அந்தக் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

வருடம் முடியும்போது

கற்றுக்கொடுத்ததை இரண்டு பேருக்குச் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்: ஒரு ஆசிரியர், ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி என்று. ஆசிரியருக்கு மாறுதல் வரும். மாணவி பள்ளியை விட்டுப் போவதற்குள் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள். என்னென்ன கருவி, எங்கே வாங்கியது, எதை எப்படிச் சரிசெய்தோம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் தமிழில் எழுதி அலுவலக மேசையிலேயே வையுங்கள்.

தொடர முடியாத நிலை வந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். உங்களுக்குப் பதிலாக வருபவரைக் கையோடு அழைத்துப்போய், தலைமை ஆசிரியர் முன்னால் நிறுத்தி அறிமுகம் செய்துவிட்டு விடைபெறுங்கள். இப்போதைக்கு உங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய ஒரே ஒரு பள்ளியையோ இல்லத்தையோ தேர்ந்தெடுங்கள். தொலைவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஐப்பசி மழையில் நின்றுவிடுகிறார்கள்.